கொஞ்சம் படுத்துக்கொள்ளத்தான்

எனக்குக் கடற்கரையில் மல்லாந்து படுத்துக்கொள்வது பிடிக்கும். முகத்தில் ஒரு தொப்பி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அலைச் சத்தம். இதற்கு மேல் நான் யாரிடமும் எதையும் கேட்டவளில்லை. ஐயா, நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். அப்படியானால் இந்த ஆசையிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. மீதியெல்லாம் இதன் பின்னால் தானாக வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பறவைகள்மேல் எந்தப் பகையும் கிடையாது. உங்கள் பறவைக் காப்பகத்தில் நான் ஒரு கொக்கைக்கூடக் கல்லெறிந்து விரட்டவில்லை, ஒரு முட்டையை மிதிக்கவில்லை, காயலில் ஒரு பிளாஸ்டிக் பை போடவில்லை. வாசலில் செய்யக்கூடாதவை என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அதை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நான் செய்தது அதில் இல்லை.

என் கணவர் காது கேட்கும் கருவி விற்கிறார். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை, உள்ளே சத்தம் புகாத ஒரு சின்ன அறை. வருகிறவர்களை அந்த அறையில் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, "இது கேக்குதா, இப்ப கேக்குதா" என்று நாள் முழுக்கக் கேட்பார். அவ்வளவு பொறுமை. அதே மனிதர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது காதையும் கூடவே கழற்றி வைத்துவிடுவார். கியாஸ் தீரப்போகிறது என்று திங்கட்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அவரே கண்டுபிடித்தது மாதிரி சமையலறையிலிருந்து வந்து, கியாஸ் தீர்ந்துவிட்டது, இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லமாட்டாயா என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும், எது தாமதம், யாருடைய பை கழிப்பறை வாசலில் கிடக்கிறது என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் வரவேண்டும். கூண்டு மாதிரி ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். ஊரில் பாதிப் பேர் என் குரலை நம்பித்தான் வண்டி ஏறுகிறார்கள். யாரும் அண்ணாந்து பார்த்து, இது யார் பேசுவது என்று கேட்டதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிறது.

இந்த விடுமுறைக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது கடற்கரை என்றேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு விடுமுறையும் ஏதாவது ஒரு புதருக்குள்தான் கழிந்திருக்கிறது. அவருக்குப் பறவைப் பித்து. இந்தத் தடவை கடற்கரைதான் என்று வாக்குக் கொடுத்தார். நானும் நம்பி, மஞ்சள் நிறத்தில் பெரிய துண்டு ஒன்று வாங்கினேன். உங்கள் விடுதி வாசலில் வண்டி நின்றதும், ஒரே மாதிரிப் பச்சைத் தொப்பி போட்ட ஒரு கூட்டம் கழுத்தில் பைனாகுலரோடு எங்களைப் பார்த்துக் கையசைத்தது. அவருடைய பறவைச் சங்கம். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு மணல் மேடு. வாக்கையும் காப்பாற்றிவிட்டார், என்னையும் ஏமாற்றிவிட்டார். கடைக்காரர் அல்லவா.

அந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. தலைவர் ஒரு பல் டாக்டர். சங்கத்துக்கு ஒரே ஒரு விதி. அபூர்வமான பறவை ஒன்று குரல் கொடுத்தால், அது தானாகப் பறந்துபோகும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. தும்மக்கூடாது, இருமக்கூடாது, உயிர் போனாலும் சத்தமில்லாமல் போகவேண்டும். முன்பு ஒரு முறை மருந்துக்கடைக்காரர் ஒருவர் எறும்புப் புற்றின்மேல் நின்றுவிட்டார். இடுப்புவரை கடித்துத் தீர்த்துவிட்டது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வடிந்ததே தவிர, மனிதர் முனகக்கூட இல்லை. அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் கணவர் முகத்தில் வரும் ஏக்கத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

முதல் நாள் காலையில் நான் கடற்கரைக்குப் போய்த் துண்டை விரித்தேன். நன்றாகப் படுத்து, கண்ணை மூடி, இரண்டு அலை வந்து போயிருக்கும். கண்ணைத் திறந்தால் எனக்கும் கடலுக்கும் நடுவில் வரிசையாகக் கேமரா முக்காலிகள். தண்ணீரோரம் உள்ளான் குருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. பல் டாக்டர் என் பக்கம் திரும்பி, வாய்க்குள் கைவிட்டிருக்கும் நோயாளியிடம் பேசுவதுபோல மெல்ல, "மேடம், அசையாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றார். என் கணவர் ஒரு படி மேலே போய், மஞ்சள் நிறம் பறவையை மிரட்டும் என்று துண்டை எனக்குக் கீழிருந்து உருவிக்கொண்டு போய்விட்டார். சுடுமணலில் மதியம்வரை கட்டை மாதிரி கிடந்தேன். ஒரு உள்ளான் என் காலில் ஏறி இறங்கிப் போனது. அதற்கும் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் காயலின் வடக்குக் கரைக்குப் போனேன். ஆளுயர நாணல். உள்ளே போய் நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது. அங்கே நின்று நான் செய்த காரியம் நான் எல்லா நாளும் செய்கிற காரியம்தான். மைக் முன்னால் உட்காரப் போகிறவள் தொண்டையைச் சரிசெய்துகொள்ளவேண்டும். உதட்டைக் குவித்து ஒரு குலுக்கல், பிறகு மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் மூன்று சுரம், கடைசியில் லேசாக ஒரு 'கூவ்'. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் எங்கள் வீட்டுக் குளியலறையில் இதைச் செய்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்று சவரம் செய்துகொண்டிருப்பார்.

நாணலுக்கு வெளியே முக்காலி ஒன்று கீழே விழுந்தது. அதன்பிறகு அப்படியொரு அமைதி. இலையை விலக்கிப் பார்த்தேன். கரைமேல் சங்கம் மொத்தமும் சிலையாக நின்றது. பல் டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார், மற்றக் காலை எடுத்தவர் வைக்கவில்லை. என் கணவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, வாய் பிளந்து, கண்கள் கலங்கி நின்றார்.

அப்போதே நான் வெளியே வந்து, நான்தான் என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவர்கள் அசையவே இல்லை. காத்திருந்தார்கள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் இங்கே நிற்கும்வரை கடற்கரை காலியாக இருக்கும். பின்பக்கமாகக் குனிந்து வெளியேறி, பலகைப் பாலத்தைத் தாண்டி, துண்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சாயந்திரம்வரை ஒரு ஈ காக்கை வரவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

இது ஏமாற்று என்று எனக்குத் தெரியும். ஆனால் யார் என்ன இழந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு பறவை கிடைத்தது, எனக்கு ஒரு கடற்கரை கிடைத்தது. மூன்றாம் நாள் காலையிலும் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். இவ்வளவுதான் என் திட்டம். இதோடு நின்றிருக்கும். அன்று மதியச் சாப்பாட்டின்போது அவர் என்னிடம் பேசியிருக்காவிட்டால்.

சாப்பிடும்போது அவர் பேசமாட்டார். அன்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பறவையை யாரும் இன்னும் பார்க்கவில்லையாம், ஆனால் குரலை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவாராம். பெண் பறவை. நடுத்தர வயது. பிடிவாதக் குணம். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். குரலில் ஒரு கனம் இருக்கிறது என்றார். நான் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். பிறகு அவர் சொன்னார்:

"அது சும்மா கத்துற மாதிரி இல்ல. யாரையோ கூப்பிடுது. ரொம்ப நாளா கூப்பிடுது போல. யாரும் திரும்பிப் பாக்கல."

"நீங்க பதில் குடுக்கவேண்டியதுதானே."

"என் குரலக் கேட்டா பறந்துடும். அத இழந்துட்டா என்னால தாங்க முடியாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். தொண்டையில் எதுவும் சிக்கவில்லை, சும்மாதான்.

அடுத்து நடந்தவை உங்களுக்கே தெரியும். பல் டாக்டரின் கைப்பேசியில் பதிவான குரலோடு சங்கம் உங்களிடம் வந்து மனுக் கொடுத்தது. என் கணவர் வாயால் சொல்லச் சொல்ல ஓவியர் ஒருவர் பறவையைப் பலகையில் வரைந்தார். தலையில் கொண்டை, சிவந்த மூக்கு, பெரிய கண். இடுப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்குங்கள் என்று என் கணவர் பக்கத்தில் நின்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அது கடற்கரை மணலில்தான் கூடு கட்டியிருக்கும் என்று பல் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். நீங்கள் கடற்கரை முழுவதையும் கயிறு கட்டி மூடிவிட்டீர்கள். உங்கள்மேல் தவறு சொல்லமாட்டேன். பல் டாக்டர் ஒன்றை உறுதியாகச் சொன்னால் நாமெல்லாம் வாயைத் திறந்துவிடுகிறோம்.

ஆக நான்காம் நாள் எனக்குப் படுக்க இடமில்லை. எதற்காக இத்தனையும் செய்தேனோ அது கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அன்று காலையில் நான் நாணலுக்குள் போனது ஏன் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அது பழக்கம் ஐயா. திடீரென்று நிறுத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும். அன்று சாயந்திரமும் போனேன். காற்று ஈரமாக இருந்தால் இரண்டு வேளை பயிற்சி நல்லது.

ஐந்தாம் நாள்தான் நீங்கள் விசாரிக்கும் நாள். அன்று நான் முதல் குரல் கொடுத்ததுமே என் கணவர் சங்கத்தை விட்டுவிட்டுத் தனியாக நாணலுக்குள் இறங்கினார். மற்றவர்களெல்லாம் பறவை பார்க்கக் கரையில் கட்டியிருக்கும் மரக்குடிலுக்குள் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாலடி வைத்திருப்பார், சேறு முழங்கால்வரை இழுத்துவிட்டது. காலை உருவப் பார்த்தார், தொடைவரை போனது. குடிலில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். விதி விதிதானே. பல் டாக்டர் கையால் சைகை காட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார். இவர் கட்டைவிரலை உயர்த்தி, எல்லாம் சரி என்று காட்டினார். என் கணவர் உட்கார்ந்துகொண்டதாக நினைத்தோம் என்று சங்கத்தார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மருந்துக்கடைக்காரரின் கேடயம் கைமாறப்போகிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரியும்.

நான் அவருக்குப் பத்தடி தூரத்தில் நாணலுக்குப் பின்னால் நின்றேன். பலகைப் பாலத்தின் ஓரமாக நின்றதால் என் காலடியில் கெட்டித் தரை இருந்தது. எட்டிக் கை கொடுத்திருக்கலாம். ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாமலேயே என் குரல் விடுதிவரை எட்டும். "என்னங்க" என்று கூப்பிடத்தான் மூச்சை இழுத்தேன். அதற்குள் நாணல் அசைந்த சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. தொடைவரை சேற்றில் நிற்கிற மனிதர், உதட்டில் விரலை வைத்து, என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கல்யாணத்தன்று மாலை போடும்போதுகூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

இழுத்த மூச்சை என்ன செய்வது. மூன்று சுரமும் கூவும் வந்துவிட்டது.

அவர் பதில் கொடுத்தார். முதலில் ரொம்ப மெதுவாக, எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல ஒரு குரல். எந்தப் பறவையும் அதைக் கேட்டால் இடத்தைக் காலிசெய்துவிடும். நான் போகவில்லை. இன்னொரு முறை கூவினேன். அவர் இன்னொரு முறை பதில் கொடுத்தார். அதன்பிறகு எங்கள் இருவருக்கும் நேரம் போனது தெரியவில்லை. அந்த மூன்று சுரத்துக்குள் நான் கியாஸ் விஷயத்தைச் சொன்னேன், அவர் பதில் சொன்னார். மஞ்சள் துண்டைப் பற்றிச் சொன்னேன், அதற்கும் பதில் சொன்னார். அவருடைய தங்கை வீட்டு விசேஷத்தில் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தாமல் நிற்கவைத்ததைச் சொன்னேன், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீளமாக, மனம் உருகி ஒரு பதில் சொன்னார். அவரோடு இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

கடல் ஏறும் நேரம் எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியும். சாப்பாட்டு அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. தினமும் காலையில் நான்தான் அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டினேன், தொழில் பழக்கம். யாரும் காதில் வாங்கவில்லை. முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தபோது அவர் இடுப்புவரை நனைந்ததைப் பார்த்தேன். மார்புவரை வந்ததையும் பார்த்தேன். அவர் பைனாகுலரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேல் முகத்தை மட்டும் நீட்டி, பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தியிருந்தால் அவர் உதவி கேட்டுக் கத்தியிருப்பார். பறவை போய்விட்டால் விதி தளர்ந்துவிடும், குடிலில் இருந்தவர்களும் ஓடி வந்திருப்பார்கள். ஆகவே அவர் மூழ்கிக்கொண்டிருந்தது சேற்றினால் அல்ல, நான் வாயை மூடாததால். இதை நான் அங்கே நிற்கும்போதே தெளிவாக யோசித்தேன். யோசித்துவிட்டு இன்னொரு தடவை கூவினேன். அவருடைய முறை வரவேண்டியிருந்தது.

தண்ணீர் அவர் தாடையைத் தொட்ட நேரத்தில் உங்கள் படகோட்டி கழியை ஊன்றியபடி நாணலை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் கைவைத்து, கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பலகையில் இருக்கும் படத்தை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும், கண் என் இடுப்புக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"அம்மா, நீங்களா?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். பாவம், இத்தனை நாள் இந்தச் சங்கத்தோடு பழகிய தோஷம், அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் தண்ணீருக்கு மேல் தெரிந்த தலையைப் பார்த்தார். அவர் என் கணவரைத் தோளில் பிடித்து இழுத்தார். மனிதர் வந்துவிட்டார், கால்சட்டை வரவில்லை. அது இன்னும் உங்கள் காயலில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் இல்லை, பருத்தி.

கரையில் அவரைக் கிடத்தியபோது நான் சுற்றிக்கொண்டு வந்து, இப்போதுதான் விடுதியிலிருந்து வருகிறவள்போல நின்றேன். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதில் சொல்லிச்சு. நான் ஒவ்வொண்ணும் சொல்லச் சொல்ல அதுவும் சொல்லிச்சு. கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

ஐயா, மனிதக் குரலைப் பறவைக் குரலென்று நம்பவைத்ததை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் ஏறுவதைத் தெரிந்தே, ஆபத்தில் இருந்தவரை அங்கேயே நிறுத்திவைத்ததையும் ஒப்புக்கொள்கிறேன். நாளை பெரிய நிபுணர்கள் வருவதாகச் சொன்னீர்கள். அவர்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், பலகையையும் எடுத்துவிடுங்கள், அந்தப் படம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே திருப்தியில்லை. அபராதமானாலும் வழக்கானாலும் நான் தயார். என் கணவரிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம். என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக் கேட்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. இந்த நிலையில் அதிர்ச்சி ஆகாது.

இதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன், எனக்கு நேரமாகிவிட்டது. அவர் விடுதி அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, காதுக்குப் பின்னால் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அது தன்னைத் தேடி வரும் என்கிறார். பல் டாக்டரின் கைப்பேசியில் அந்தக் குரல் பதிவாகியிருக்கிறதே, அதை ஜன்னலுக்கு வெளியே ஒலிக்கவிட்டால் போதாதா என்று படகோட்டி நல்ல யோசனை ஒன்று சொன்னார். அந்தப் பதிவு இப்போது இல்லை. நேற்று பல் டாக்டர் கைகழுவப் போன சமயத்தில் நான் அழித்துவிட்டேன், இதையும் குற்றக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் நான்தான் போகவேண்டியிருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் செடி அடர்த்தியாக இருக்கிறது, என்னைத் தெரியாது. காய்ச்சல்காரர் மனம் அமைதிப்பட்டு நன்றாகத் தூங்கவேண்டும் என்று மருந்து கொடுத்த டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் போகிறேன், மற்றபடி எனக்கென்று இதில் ஒன்றுமில்லை.